தறிக்கு அளவு உண்டு, அடுப்பு மேடைக்கு?

ஆரணிக்குப் போயிருக்கிறீர்களா? திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள பட்டு நெசவு ஊர். நெசவாளர் வீட்டினுள் நுழைந்ததும் பெரும்பாலும் நம் கண்ணில் படுவது தறிதான். குழித்தறியாக இருந்தால், தரையில் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் நெசவாளர் அமர்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிபலகைகளை இயக்குவார். குழியின் ஆழம் அவர் கால் நீளத்திற்கும், துணி நிற்கும் உயரம் அவர் கைக்கும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் அரைநாளில் இடுப்பு வலி எடுத்துவிடும்.

இனி அதே வீட்டின் சமையலறைக்கு வாருங்கள். அங்கே வேலை செய்பவர் பெரும்பாலும் பெண். தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் அவரே. பல வீடுகளில் நெய்வதும் அவரே. அதற்குமேல் சமையல். அந்த அடுப்பு மேடை யாருடைய அளவுக்குக் கட்டப்பட்டது?

அநேகமாக யாருடைய அளவுக்கும் இல்லை. கொத்தனார் வழக்கமாகக் கட்டும் உயரம் ஒன்று உண்டு. அவர் கேட்டாலும் கேள்வி வீட்டுக்காரரை நோக்கித்தான் போகும். (உங்கள் வீட்டில் எப்படி என்று விசாரித்துப் பாருங்கள்.)

சில சென்டிமீட்டர் கூடினால், குறைந்தால் என்ன என்கிறீர்களா? வகுப்பில் படித்த நெம்புகோலை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெண்ணின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி ஏறத்தாழ 25 கிலோகிராம். மேடை தாழ்வாக இருப்பதால் அவர் குனிகிறார். மேலுடலின் ஈர்ப்பு மையம் 25 செ.மீ. முன்னே வந்துவிடுகிறது என்று கொள்வோம். அதைத் தாங்கும் முதுகுத் தசைகளோ முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கின்றன. திருப்புத்திறன்கள் சமமாகவேண்டுமானால் தசைகள் 125 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கவேண்டும்! ஒரு காய்கூட இன்னும் நறுக்கவில்லை.

மேடை உயர்ந்துவிட்டால் தோளைத் தூக்கியபடியே வேலை செய்யவேண்டும். நின்று செய்யும் வேலைக்கு, முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருப்பது நல்லது. 150 செ.மீ. உயரமானவருக்கு முழங்கை சுமார் 94 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆகவே மேடை 80 செ.மீ.யை ஒட்டி இருக்கலாம். ஆனால் கேஸ் அடுப்பும் அதன்மேல் குக்கரும் ஏறினால், கிளறும் கை எங்கே போகும்? அடுப்பு வைக்கும் இடம் இன்னும் தாழவேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியிலோ கை வேலை செய்வது அதன் அடிமட்டத்தில். அதனால் தொட்டி சற்று உயரவேண்டும். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் பார்வைக்கு அழகுதான். முதுகுக்கு அல்ல.

சமையலறையை அளந்து அமைத்தவர்களில் புகழ்பெற்றவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சமையலறையை வடிவமைத்தார். வேலைகளுக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டு, நடை குறையும்படி அலமாரிகளை அமைத்தார். உட்கார்ந்து வேலை செய்ய ஒரு முக்காலியும் உண்டு. சுமார் 10,000 வீடுகளில் அது இடம்பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அதுவரை தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்!

எனினும் அந்த அறையில் ஒரு குறை. இரண்டாமவர் நுழைந்தால் இடிக்கும். சமையல் ஒருவர் வேலை, அவர் பெண் என்ற எண்ணம் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது. தறியிலாவது ஓர் ஆள் உதவிக்கு உட்கார இடம் உண்டு.

ஓர் அளவு நாடாவை எடுங்கள். வீட்டில் சமைப்பவரைச் செருப்பின்றி நிமிர்ந்து நிற்கச் சொல்லி முழங்கை உயரத்தை அளந்து, மேடை, அடுப்பின் மேல்மட்டம், தொட்டியின் அடிமட்டம் மூன்றோடும் ஒப்பிடுங்கள். அப்பாவையும் உங்களையும் அளக்க மறக்கவேண்டாம். மேடை உயரமாக இருந்தால், நிற்குமிடம் முழுவதும் அடங்கும் அகலமான, ஆடாத மரப்பலகை போதும். தாழ்ந்திருந்தால் நறுக்கும் பலகைக்கு அடியில் உறுதியான ஒரு கட்டையைக் கொடுக்கலாம்.