கில்லிக் தகுதி

கில்லிக் தகுதி என்பது, 16 வயது நிரம்பாத ஒருவர் பெற்றோரின் ஒப்புதலின்றித் தமது மருத்துவத்திற்குத் தாமே ஒப்புதல் அளிக்கக் கூடியவரா என்பதை முடிவு செய்ய உதவும் சட்டக் கோட்பாடு ஆகும். இங்கிலாந்திலும் வேல்சிலும் இது நடைமுறையில் உள்ளது. பதின்ம வயதினருக்குக் கருத்தடை அறிவுரை வழங்குவது பற்றிய வழக்கொன்றில், 1985 அக்டோபர் 17 அன்று பிரித்தானியப் பிரபுக்கள் அவை அளித்த தீர்ப்பிலிருந்து இது தோன்றியது.

வழக்கு

16 வயதுக்கு உட்பட்ட சிறுமி கருத்தடை வேண்டி வந்தால், பெற்றோரை ஈடுபடுத்துமாறு மருத்துவர் அவளை இணங்கச் செய்ய முயல வேண்டும். எனினும் விதிவிலக்கான நிலைகளில் அவர்களுக்குத் தெரிவிக்காமலே உதவலாம் என்று 1980 இல் அரசின் நலத்துறை அறிவுறுத்தியது. தம் மகள்களுக்கு இவ்வாறு செய்யப்படாது என்ற உறுதிமொழியை விக்டோரியா கில்லிக் என்னும் தாய் வட்டார நல அதிகாரசபையிடம் கேட்டார். அது கிடைக்காததால் வழக்குத் தொடர்ந்தார்.

1983 இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1984 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் கில்லிக்கின் பக்கம் தீர்ப்பளித்தனர். இதனால் ஏறத்தாழப் பத்து மாதங்கள், அவசர நிலையோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல், பெற்றோர் அறியாது இச்சிறுமிகளுக்குக் கருத்தடை அறிவுரை வழங்க மருத்துவர்களால் இயலவில்லை. வீட்டில் சொல்ல அஞ்சியவர்களே இதனால் மிகுதியும் பாதிக்கப்படக் கூடியவர்கள்.

இறுதியில் பிரபுக்கள் அவை 3-2 என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கை விசாரித்த ஒன்பது நீதிபதிகளில் ஐவர் கில்லிக்கை ஆதரித்தும் அவர் தோற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் எதிர்த்த கோட்பாடே அவர் பெயரால் வழங்குகிறது.

தீர்ப்பின் கருத்து

பெற்றோரின் உரிமை பிள்ளையின் நலனுக்காகவே உள்ளது. பிள்ளைக்குப் போதிய புரிதலும் அறிவும் வந்த நிலையில் அது பிள்ளையின் உரிமைக்கு வழிவிடுகிறது என்பது பெரும்பான்மையினரின் நிலைப்பாடு. இங்கு அளவுகோல் வயதன்று, புரிதலே. ஆகவே ஒரே சிறுமி எளிய மருத்துவம் ஒன்றுக்குத் தகுதி உடையவளாகவும், சிக்கலான வேறொன்றுக்குத் தகுதி அற்றவளாகவும் இருக்கலாம். சிறுமிக்குக் கருத்தடை வழங்குவது குற்றத்திற்குத் துணைபோவதாகும் என்பது மாறுபட்ட நீதிபதி பிராண்டனின் வாதம்.

பிரேசர் வழிகாட்டல்

இது கில்லிக் தகுதியுடன் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகிறது. முன்னது மருத்துவம் முழுமைக்கும் பொருந்துவது. பிரேசர் பிரபு வகுத்த இவ்வழிகாட்டலோ கருத்தடைக்கும் பாலியல் நலத்திற்கும் மட்டும் உரியது. சிறுமி அறிவுரையைப் புரிந்துகொள்கிறாளா, பெற்றோரிடம் கூற அவளை இணங்கச் செய்ய முடியவில்லையா, கருத்தடை இல்லாவிடினும் அவள் உடலுறவு கொள்ளக் கூடுமா, உதவி மறுக்கப்பட்டால் அவளது உடல்நலமோ மனநலமோ கெடுமா, அவ்வுதவி அவளது நலனுக்கு உகந்ததா என மருத்துவர் ஆராய வேண்டும்.

பிற நாடுகள்

ஆத்திரேலிய உயர் நீதிமன்றம் 1992 இல் இக்கோட்பாட்டை ஏற்றது. இசுக்காட்லாந்தில் 1991 ஆம் ஆண்டுச் சட்டம் இதையொத்த விதியை வகுத்தது. ஐக்கிய அமெரிக்காவில், 16 வயதுக்கு உட்பட்டோருக்குக் கருத்தடைப் பொருள் விற்பதைத் தடுத்த நியூயார்க் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1977 இலேயே நீக்கியது. ஆயினும் பெற்றோர் ஒப்புதல் குறித்த விதிகள் அங்கு மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன. ஒப்புதல் கோரும் டெக்சாசு மாநிலச் சட்டம், கூட்டரசு நிதியில் இயங்கும் குடும்பநல மருத்துவ நிலையங்களுக்கும் பொருந்தும் என்று 2024 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.