ஊசி போட்ட பின் உடம்புக்குள் நடப்பது

கொரோனாத் தடுப்பூசி ஏற்றப்பட்டு ஆண்டுகள் சில கடந்துவிட்டன. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையையும் முடித்து வைத்தது. ஆனால் கிருலப்பனையில் நாம் நடத்தும் தையல் வகுப்பில் அந்த ஊசியின் கதை இன்னமும் ஓயவில்லை. முடி கொட்டினாலும் ஊசிதான் காரணம், முழங்கால் வலித்தாலும் ஊசிதான் காரணம். வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்து இங்கு வாடகை அறைகளில் வாழும் பெண்களே வகுப்பில் அதிகம். அவர்களுடைய கேள்விகளைப் பல வைத்தியர்களிடம் கொண்டுபோய்க் கேட்டதன் பயனே இக்கட்டுரை.

இலங்கையில் தடுப்பூசி ஏற்றல் 2021 ஜனவரி 29ஆம் திகதி ஆரம்பமானது. அதற்கு முதல்நாள் இந்தியா 5 இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகளை அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. சுகாதார ஊழியர்களைத் தொடர்ந்து பெப்ரவரியில் மேல் மாகாணத்தில் பொதுமக்களுக்கும் வழங்கப்பட்டது. நானும் எமது வகுப்புப் பெண்கள் பலரும் அப்போதுதான் முதலாவது ஊசியைப் போட்டோம். பின்னர் இந்தியாவில் நோய் உக்கிரமடைந்து ஏற்றுமதி நின்றுபோக, ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசியின்றி நின்றோம். யூலை இறுதியில் ஜப்பான் அனுப்பிய ஊசிகள் வந்த பிறகே எமது முறை வந்தது. இடையில் ஐந்து மாதத்துக்கு மேல். "அக்கா, முதல் போட்டது உடம்பிலை இனி நிக்குமோ? இல்லை, வீண்தானோ?" என்று ஒரு சகோதரி கிழமைக்கொருமுறை கேட்பார்.

இதற்கு விடை சொல்ல உடம்புக்குள் போகவேண்டும். பத்திரிகைகளில் இதை விளக்கியவர்கள் எல்லோரும் படை, எதிரி, முற்றுகை என்றே எழுதினார்கள். அந்தச் சொற்களைக் கேட்டாலே உடல் நடுங்கும் பெண்கள் எம்மிடையே உள்ளனர். தையல் தெரிந்தவர்களுக்குத் தையலாகவே சொல்லலாம் என்பது எனது எண்ணம்.

கொரோனா வைரசின் மேற்பரப்பில் முள்ளைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம் உண்டு. அதைக்கொண்டே அது எமது கலங்களில் ஒட்டுகிறது. தடுப்பூசி என்பது அந்த முள்ளின் அளவை நோய் வருமுன்னரே உடம்புக்குக் காட்டுவது. சைனோபாம் ஊசியில் கொல்லப்பட்ட முழு வைரசு இருந்தது. கோவிஷீல்டில், பெருக முடியாதபடி மாற்றப்பட்ட வேறொரு சாதாரண வைரசு, முள்ளைச் செய்யும் குறிப்பை மட்டும் காவிக்கொண்டு வந்தது. பைசர், மொடேர்னா ஊசிகளில் அக்குறிப்பு ஆர்.என்.ஏ. வடிவில், கொழுப்புத் துளியொன்றினுள் சுற்றப்பட்டிருந்தது. குறிப்பைப் படித்து எமது கலங்களே சிறிது காலம் முள்ளைச் செய்கின்றன. பிறகு குறிப்பு சிதைந்து போகும்.

இந்த ஆர்.என்.ஏ. ஊசிக்கு வழிதிறந்தவர்களில் ஒருவர் ஹங்கேரி நாட்டில் ஓர் இறைச்சிக் கடைக்காரருக்கு மகளாகப் பிறந்த கட்டலின் கரிக்கோ. 1985இல் குடும்பத்தோடு அமெரிக்கா புறப்பட்டபோது, நாட்டுக்கு வெளியே பணம் கொண்டுபோகத் தடை இருந்ததால், மகளின் கரடிப் பொம்மைக்குள் 900 பவுணை ஒளித்து வைத்துக்கொண்டு போனவர். சட்டைக் கரையில் தாலியை வைத்துத் தைத்துக்கொண்டு ஆனையிறவைக் கடந்த எமக்கு இது புதிதல்ல. அமெரிக்காவில் ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் பதவியிறக்கமும் கண்டார். 2023இல் ட்ரூ வைஸ்மனுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சரி, ஊசிக்கு வருவோம். போட்ட அன்றிரவு கை விறைத்து, மேல் காய்ந்து, பனடோல் தேடினோம் அல்லவா? அது உடம்பு புதிய பொருளைக் கண்டு எழுப்பிய முதலாவது சத்தம். ஓரிரு நாளில் அடங்கும். காய்ச்சல் வராதவருக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று கொள்ளக்கூடாது. பிறகு சில கலங்கள் அந்த முள்ளின் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு கமக்கட்டில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. ஊசிக்குப் பின் சில பெண்களுக்கு அக்கையின் கமக்கட்டில் கட்டி போலத் தட்டுப்பட்டதும் இதனாலேயே. மார்புப் புற்றுநோயோ என்று பயந்து அழுதவரும் உண்டு. கணு வேலைசெய்யும்போது வீங்கும், சில கிழமைகளில் வற்றும். ஒன்றரை மாதம் சென்றும் வற்றாத கட்டியை மட்டும், ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அந்தக் கணுதான் தையற்கூடம். அங்கே பீ கலங்கள் என்பவை முள்ளின்மேல் பொருந்தி மூடக்கூடிய பிறபொருளெதிரிகளை வெட்டித் தைக்கின்றன. முதலில் வெட்டியது தொளதொளவென்றுதான் இருக்கும். பிடித்துத் தைத்து, போட்டுப் பார்த்து, மறுபடி பிடிக்கும் வேலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட நடக்கிறது. நன்றாகப் பொருந்துவதைத் தைத்த கலம் தங்கும், மற்றது கழியும். இந்த வேலைக்கு அனுமதியும் உதவியும் கொடுப்பவை ரீ கலங்கள். அவற்றில் இன்னொரு வகை, வைரசு ஏற்கனவே புகுந்துவிட்ட கலங்களைக் கண்டுபிடித்து அழிக்கும்.

சில மாதங்களில் இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரி குறைகிறது. ஆனால் வெட்டிய மாதிரிக் கடதாசியைத் தையற்காரி எறிவதில்லை அல்லவா! நினைவுக் கலங்கள் அதை வைத்திருக்கின்றன. அடுத்த ஊசியோ வைரசோ வந்ததும் புதிதாக அளவெடுக்காமல் விரைவாகத் தைக்கின்றன. எனவே அந்தச் சகோதரிக்கு விடை: வீண் இல்லை. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் இதே ஊசியின் இரண்டாவது தடவையை 10 மாதம் வரை தாமதித்துக் கொடுத்துப் பார்த்தபோது பிறபொருளெதிரி கூடுதலாகவே உண்டானது. காத்திருந்த காலத்தில் பாதுகாப்புக் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் தைத்தது பிரிந்து போகவில்லை.

எமது இரத்தத்தையே எடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலிகா மலவிகே குழுவினர், முன்னர் தொற்றுக்குள்ளாகாத 607 சுகாதார ஊழியர்களை ஆராய்ந்தனர். கோவிஷீல்ட் ஒன்று ஏற்றி ஏறத்தாழ ஒரு மாதத்தில் 92.9 வீதமானோரிடம் பிறபொருளெதிரி இருந்தது. சைனோபாமின் இரண்டு ஊசிகளுக்குப் பின் 95 வீதம். வயது முதிர்ந்தோரிடம் அதன் அளவு குறைவு. 2022இல் ஒமிக்ரோன் பரவியபோது முள்ளின் உருவம் மாறியிருந்தது. பழைய அளவுச் சட்டை சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் ஊசி போட்டவர்களுக்கும் நோய் தொற்றியது. ரீ கலங்களோ முள்ளின் பல துண்டுகளை அடையாளம் காண்பதால் அவ்வளவாக ஏமாறவில்லை. பலருக்கு வீட்டிலேயே சுகமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடம்பு பிழையாகத் தைப்பதும் உண்டு. மிக அரிதாகச் சிலருக்கு, கோவிஷீல்ட் வகை ஊசிக்குப் பின், தமது இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராகவே பிறபொருளெதிரி உண்டாகி இரத்தம் கட்டியது. இலங்கையில் அவ்வூசி போட்ட ஆறு பேருக்கு இரத்தக்கட்டி ஏற்பட்டு மூவர் இறந்தனர் என 2021 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் கூறினார். இதை மறைத்துவிட்டு ஊசியை நம்பு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

"பிள்ளை தங்காதாமே" என்ற கதையும் பரவியது. ஊசி போட்ட பின் கருத்தரித்துப் பெற்றவர்கள் உலகெங்கும் கணக்கற்றோர். தாயின் பிறபொருளெதிரி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. மாதவிடாய் பிந்தியது என்று பலர் சொன்னார்கள், அது பொய்யல்ல. அமெரிக்க ஆய்வொன்றில் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே பிந்தியது, பின்னர் வழமைக்குத் திரும்பியது. ஆனால் இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ள நான் தயாரில்லை. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சிக் கிராமங்களில், பிள்ளைகளுக்கு நிறை பார்க்க வரச்சொல்லித் தாய்மாருக்குக் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. அதிகாரிகள் மறுத்தனர். அதைக் கேட்ட பெண் எந்த ஊசியையும் இரண்டு தரம் யோசிக்கத்தான் செய்வாள். இது என்ன ஊசி, எதற்கு என்று கேட்பது எமது உரிமை.

இன்னொரு கேள்வி எம்மிடம் மட்டுமே கேட்கப்படுவது: "உடம்பிலை ஷெல் துண்டு கிடக்குது, ஊசி போடலாமோ?" போடலாம். உடம்பு அந்த இரும்பைச் சுற்றி நாராலான உறையொன்றைக் கட்டி ஒதுக்கி வைத்திருக்கும். தடுப்பூசிக்கு அது தடையல்ல.

கவனிக்கவேண்டியவர்கள் வயிற்றுக் காயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். காயம்பட்ட மண்ணீரலை அகற்றியிருக்கலாம். கொரோனா ஊசிக்கு மற்றக் கணுக்கள் வேலைசெய்யும். ஆனால் நியூமோகொக்கஸ் போன்ற சில பற்றீரியாக்களை இரத்தத்திலிருந்து வடிப்பது முக்கியமாக மண்ணீரலே. அது இல்லாதவர்களுக்கு அவற்றுக்கெதிரான தடுப்பூசிகள் தனியாக வேண்டும். கடும் காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் படுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், மண்ணீரல் இல்லை என்று முதலில் சொல்லவேண்டும். அகற்றினார்களா என்று தெரியாது, துண்டெல்லாம் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது என்கிறார்கள் பலர். துண்டு தேவையில்லை. வயிற்றை ஸ்கான் செய்தால் மண்ணீரல் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். கிளினிக்குக்குப் போகும்போது வயிற்றுத் தழும்பைக் காட்டிக் கேளுங்கள்.