பொருத்திய பல்லைச் சுற்றியுள்ள ஈறுகளைக் காப்போம்

“பொருத்திய பல்லுக்குச் சொத்தை வராது என்றீர்களே, பிறகு ஏன் ஆடுகிறது?” மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எங்களிடம் இப்படிக் கேட்டார். இம்பிளாண்ட் பல்லுக்குச் சொத்தை வராது என்பது உண்மையே. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறுகளுக்கு நோய் வரக்கூடும் என்பதை அதே அழுத்தத்துடன் சொல்ல நாங்கள் தவறியிருந்தோம். பல் துலக்கும்போது இரத்தம் கசிவதை அவருடைய மனைவி ஓராண்டுக்கு முன்பே கவனித்திருக்கிறார். வலி இல்லாததால் இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் எங்களிடம் வந்தபோது திருகைத் தாங்கிய எலும்பு பெருமளவு கரைந்துவிட்டிருந்தது. இம்பிளாண்டை அகற்ற வேண்டியதாயிற்று.

டைட்டானியம் உலோகம் எலும்புடன் உறுதியாக இணையும் என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க் 1952-இல் முயல்களை ஆராய்ந்தபோது கண்டார். 1965-இல் முதல் நோயாளியின் தாடையில் அதைப் பொருத்தினார். எலும்பு இணைவதுபோல் ஈறு இணைவதில்லை. இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈறு நார்கள் நுழைந்து இறுகப் பற்றியிருக்கும். இம்பிளாண்டைச் சுற்றி அந்நார்கள் வளையம்போல் அணைத்து நிற்குமே தவிர உள்ளே நுழைவதில்லை. அங்கே இரத்த ஓட்டமும் குறைவு. வேரூன்றிய மரத்தைவிட நட்ட கல்தூணைச் சுற்றி நீர் எளிதாக இறங்குவதுபோல, கிருமிகளும் அங்கே எளிதாக இறங்குகின்றன.

நோய்க்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் ஈறு மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும். பற்படலத்தையும் காரையையும் நீக்கினால் இது பெரும்பாலும் குணமாகும். இரண்டாம் நிலையில் எலும்பு கரையத் தொடங்கும். சீழும் வரலாம். கரைந்த எலும்பு தானாக வளராது. நோயை அங்கேயே நிறுத்துவதே பெரும் முயற்சியாகிவிடும்.

எந்த வகை இம்பிளாண்ட் என்பதைப் பொறுத்துக் கவனிப்பும் மாறும். சிலவற்றில் திருகும் மேற்பகுதியும் சேரும் இணைப்பு ஈறுகளின் விளிம்பருகே இருக்கும். அதைத் துலக்குவது எளிது. சிலவற்றில் அது ஈறுகளுக்கு அடியில் இருக்கும். அங்கே மருத்துவரின் பரிசோதனை இன்றியமையாதது. பல் உறையைச் சிமெண்டால் ஒட்டியிருந்தால், ஈறுகளுக்குள் தங்கிய துணுக்கே அழற்சியைத் தூண்டலாம். திருகால் பொருத்திய உறையைக் கழற்றித் தூய்மை செய்ய முடியும். கழற்றி மாட்டும் பல்செட்டை இம்பிளாண்டுகள் தாங்கினால், இரவில் அதைக் கழற்றிவிட்டு, வாயிலுள்ள குமிழ்களையும் துலக்க வேண்டும். சிர்கோனியா என்னும் வெண்பீங்கான் வகைக்கும் இந்தக் கவனிப்பு தேவை.

புகைபிடிப்போர், கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் உள்ளோர், முன்பு ஈறு நோயால் பற்களை இழந்தோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். புகையிலைப் பழக்கத்தைக் கைவிடுங்கள். வேப்பங்குச்சியின் கூரான நார்களும், செங்கற்பொடி, சாம்பல் போன்றவையும் ஈறுகளைக் கீறும். அவற்றுக்கு மாற்றாக மென்மையான தூரிகையால் நாள்தோறும் இருமுறை துலக்குங்கள். பல் இடுக்குகளை அதற்கென உள்ள சிறு தூரிகையால் தூய்மை செய்யுங்கள். அது நடுக்கம்பியில் பிளாஸ்டிக் பூச்சு உடையதாக இருக்கட்டும்.

இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் வளரும். மென்மையாகத் துலக்கியவாறே மருத்துவரைக் காண வாருங்கள். தொல்லை இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு இருமுறையேனும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. திருமங்கலத்திலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பேருந்தேறி வருவோருக்கு இது சுமை என்பதை அறிவோம். ஆயினும் எலும்பு கரைந்தபின் செய்யும் சிகிச்சைக்கு இதைவிடப் பன்மடங்கு பயணமும் செலவும் ஆகும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கைநடுக்கமோ பக்கவாதமோ உள்ள முதியோர் தாமாகச் சரியாகத் துலக்க இயலாது. வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் அவர்களது ஈறுகளைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், இரத்தக் கசிவு, துர்நாற்றம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வலி வரட்டும் என்று காத்திராமல் அழைத்து வாருங்கள். இம்பிளாண்டின் வகையும் நிறுவனத்தின் பெயரும் எழுதிய அட்டையை உடன் கொண்டுவாருங்கள். அது இல்லையெனில், பொருத்திய மருத்துவரிடம் இன்றே கேட்டுப் பெறுங்கள்.