வாய்க்காலுக்கு மேலே உடை, கீழே நெல்: ஒரு குட்டி நிலம் செய்த குறிப்புகள்

ரயில், வீடு, மனிதர்கள் எல்லாத்தையும் ஒரே அளவில் சுருக்கி ஒரு பலகை மேல் நிறுத்துகிற காட்சிக்கு டயோரமா என்று பெயர். ரயில் மாதிரி செய்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது 87-ல் ஒரு பங்கு அளவு. 165 செ.மீ. உயர ஆள் அதில் 1.9 செ.மீ. ஆகிவிடுவார். தாமிரபரணிப் பாசன வாய்க்கால் ஒன்றின் கரையை இந்த அளவில் செய்யலாம்னு ஆரம்பித்தேன். வீடும் மதகும் ஒரு வாரத்தில் முடிந்தன. செடி, மரத்துக்குத்தான் ஒரு வருஷம் போச்சு.

முதலில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஒரு பாக்கெட் மரங்களை இணையத்தில் வாங்கி வரிசையா நட்டேன். எங்க ஆச்சி வந்து பார்த்துட்டு, "எல, இது எந்த ஊரு? நம்மூர்ல மரம் இப்படியா நிக்கும்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. கடையில் கிடைக்கிற மரங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஓக், பைன் மர உருவங்கள்தான். தென்னை மாதிரி பிளாஸ்டிக்கில் ஏதோ கிடைக்கும். உடை மரத்தையும் மருதத்தையும் நான் எங்கேயும் பார்க்கவில்லை.

கொலுவில் இருந்த பாடம்

இந்த வேலை நமக்குப் புதுசும் இல்லை. நவராத்திரி கொலுவில் படிக்கட்டுக்கு முன்னால் 'பார்க்' வைப்பார்கள். தட்டில் மண் பரப்பி, கேழ்வரகு, கடுகு, வெந்தயம் தூவி, தண்ணீர் தெளித்து வைத்தால் நாலைந்து நாளில் பச்சை வந்துவிடும். கேழ்வரகு முளை மெல்லிசாக, ஊசி மாதிரி நிற்கும், அது நாற்றங்கால். கடுகு இரண்டு இலை விரித்து நிற்கும், அது தோட்டம். கொலு நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில்தான் ஆற்றுப்பாசன வயல்களிலும் கார் அறுப்பு முடிந்து பிசான நாற்று பாவுவார்கள். பொம்மைக்கு முன்னால் இருப்பதும் ஊருக்கு வெளியே இருப்பதும் ஒரே காட்சி.

ஆனால் முளைக்கு இரண்டு சிக்கல். ஒன்று, வெளிச்சம் வரும் பக்கம் சாயும். இருட்டில் வைத்தால் முளைப்பாரி மாதிரி வெளிறி மஞ்சளாகிவிடும். இரண்டு, பத்து நாளுக்கு மேல் நிற்காது. நிரந்தரமாக வேணும்னா உயிரில்லாத பொருளுக்குத்தான் போகணும். இருந்தாலும் ஆச்சியின் தட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: தனித்தனி இலையை யாரும் பார்ப்பதில்லை. செடி நிற்கிற விதத்தைத்தான் கண் பார்க்கிறது.

இலையைச் செய்யாதீங்க

கணக்குப் போட்டால் இது புரியும். புளிய இலையின் ஒரு சிற்றிலை சுமார் 1 செ.மீ. நீளம். 87-ஆல் வகுத்தால் 0.1 மி.மீ. அதை யாராலும் வெட்ட முடியாது, வெட்டினாலும் தெரியாது. அதனால் புளி, வேம்பு மாதிரி மரங்களுக்கு இலைத் திரள் மட்டும் போதும்: பொடியாக அரைத்துச் சாயம் போட்ட ஸ்பாஞ்ச், அல்லது சலித்த மரத்தூள். ஸ்பாஞ்ச் வருவதற்கு முன் பல காலம் சாயமிட்ட மரத்தூள்தான் உலகம் முழுக்கப் பயன்பட்டது.

பனை இதற்கு விதிவிலக்கு. ஒரு பனையோலை மீட்டருக்கு மேல் அகலம் இருக்கும், சுருக்கினாலும் 1.2 முதல் 1.5 செ.மீ. வரும். அது கண்ணுக்குத் தெரியும், அதனால் அதைச் செய்துதான் ஆகணும். வாழை இலையும் அப்படித்தான். 2 மீட்டர் இலை 2.3 செ.மீ. ஆகும். காகிதத்தில் வெட்டி, நடு நரம்புக்கு மெல்லிய கம்பி ஒட்டி, ஓரத்தைக் காற்று கிழித்த மாதிரி அங்கங்கே கிழித்துவிட்டால் போதும். கிழிக்காத வாழை பொம்மை மாதிரியே இருக்கும்.

மரம் மரமாக

*உடை.* திருநெல்வேலி, தூத்துக்குடி மேட்டு நிலத்தின் முகம் இந்த மரம்தான். சுமார் 6 மீட்டர் உயரம், மாதிரியில் 7 செ.மீ. பழைய மின்கம்பியின் செம்பு இழைகள் இருபது, முப்பதைச் சேர்த்து முறுக்கி, பாதிக்கு மேல் இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டே போகணும். கிளைகள் கவிழ்த்த கூம்பு மாதிரி விரிந்து, மேலே எல்லா நுனியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் முடியணும். இலைத் தூள் அந்த மேல்மட்டத்தில் மட்டும், அதுவும் மெல்லிசாக. கீழிருந்து பார்த்தால் வானம் தெரியணும். நான் முதலில் அடர்த்தியாக அப்பினேன். காளான் மாதிரி ஆகிவிட்டது.

*மருதம்.* ஆற்றங்கரை மரம். திருப்புடைமருதூர் கோயிலின் தலமரமும் இதுதான். 25 மீட்டர் மரம் மாதிரியில் 29 செ.மீ. வரும். அடிமரம் புடைத்து, வழவழப்பாக, சாம்பல் கலந்த வெண்மையில் இருக்கும். மாதிரி செய்பவர்கள் பழக்கதோஷத்தில் எல்லா அடிமரத்துக்கும் பழுப்பு அடிப்பார்கள். மருதத்துக்கு அது பெரிய தப்பு. கம்பி மேல் ஃபெவிகாலும் சுண்ணாம்புத் தூளும் கலந்து பூசி, உலர்ந்ததும் நீர்த்த கறுப்பை ஓடவிட்டால் சரியாக வரும். கிளை நுனிகள் கீழே தொங்கணும்.

*பனை.* 20 மீட்டர் மரத்துக்கு 23 செ.மீ. மூங்கில் குச்சியை மேலே லேசாகச் சிறுக்கும்படி சீவி, கறுப்பும் சாம்பலும் அடித்தேன். ஓலைக்கு மெல்லிய காகித வட்டத்தை விசிறி மடிப்பாக மடித்து, நுனிகளைக் கத்தரித்து, காம்புக்குக் கம்பி. ஒரு மரத்துக்கு முப்பது ஓலை. தலை உருண்டையாக இருக்கணும். தென்னை மாதிரி வளைந்து தொங்கக் கூடாது. பனையோலை விறைப்பானது.

*நெல்.* இதுதான் கஷ்டம். 20-க்கு 15 செ.மீ. இடைவெளியில் நட்ட வயலைச் சுருக்கினால் குத்துக்குக் குத்து 2.3-க்கு 1.7 மி.மீ. 10 செ.மீ. சதுரத்தில் மட்டும் சுமார் 2,500 குத்து. தனித்தனியாக நடுவதற்குப் பதில், பேனாவால் 2.3 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டு, கோட்டின் மேல் மட்டும் பசை இழுத்து, வரிசை வரிசையாக நார் நிறுத்தினேன். தூர் கட்டி இலை மூடிய பயிர் என்றால் இந்த வேலையே வேண்டாம். பரப்பு முழுக்க ஒரே பசை.

நாரை நிமிர்ந்து நிற்க வைப்பதுதான் சூட்சுமம். நைலான் நார்ப் பொடியைச் சும்மா தூவினால் படுத்துவிடும். கொசு அடிக்கிற மின்மட்டையின் ஒரு முனையை உலோக டீ வடிகட்டியோடும், இன்னொரு முனையை ஈரப் பசையில் குத்திய ஆணியோடும் இணைத்தால் இரண்டுக்கும் நடுவில் மின்புலம் உண்டாகும். வடிகட்டியில் இருக்கும் நார் ஒவ்வொன்றும் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளி, புலத்தின் திசையில் செங்குத்தாகத் திரும்பி, அப்படியே பசையில் போய்க் குத்தி நிற்கும். மட்டையை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கும். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடவிட்ட பிறகுதான் கை வைக்கணும். சின்னப் பசங்க கையில் கொடுக்காதீங்க.

வாய்க்கால் ஓரக் கோரைக்கு வேற எதுவும் தேட வேண்டாம். கோரையையே கீறி எடுத்தால் போதும். நம்ம பத்தமடைப் பாய்க்குக் கோரையை நீரில் ஊறவைத்து எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்களோ, அந்த நுணுக்கம் இங்கேயும் உதவும். காய்ந்த இயற்கைப் பொருள் எதையும் நன்றாக வெயிலில் போட்டு, நீர்த்த பசையில் முக்கி எடுத்துவிடுங்க; இல்லாவிட்டால் பூச்சி வரும்.

நிறத்தில் ஒரு விஷயம். மாதிரியை அரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். 87-ல் ஒரு பங்கு உலகத்தில் அது 43 மீட்டர் தூரம். அவ்வளவு தூரத்தில் எந்தப் பச்சையும் டப்பாவில் இருக்கிற மாதிரி அழுத்தமாகத் தெரியாது. சாம்பலோ வெள்ளையோ கொஞ்சம் கலந்து மங்கச் செய்யணும். ஒரே பச்சையை எங்கும் பூசாமல், குறைந்தது மூன்று பச்சை வேணும்.

எது எங்கே நிற்கும்

என் பலகை 60-க்கு 40 செ.மீ. நிஜத்தில் 52-க்கு 35 மீட்டர். இவ்வளவு சின்ன இடத்தில் உடையும் நெல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமா என்று சந்தேகம் வரும். நிற்கும். அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால், மேட்டின் ஓரமாகவே, சரிவு குறைவாக ஓடுகிறது. தண்ணீர் தானாகப் பாய்வது கீழ்ப்பக்கம் மட்டும்தான். அதனால் கீழ்க்கரையில் நெல், வாழை. மேல்கரை தாண்டினால் நாலு எட்டில் பனை, உடை, செம்மண். வாய்க்கால்தான் எல்லைக்கோடு. மரங்களை இந்த வரிசையில் மாற்றி நட்ட அன்றைக்குத்தான் பலகை ஒரு ஊராக ஆச்சு. அதுவரை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தும் அது ஒட்டாமலே இருந்தது.

முடித்துவிட்டு ஆச்சியைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பனைக்குக் கீழே நான் தொங்கவிட்டிருந்த காவோலைகளைக் காட்டி, "இதுல ஏற ஆளு இல்லியா?" என்றாள்.

அழகுக்காக ஒட்டியது அது. வழியில் பார்த்த பனைகள் அப்படி இருந்தன, அவ்வளவுதான். ஆனால் ஆள் ஏறி இறங்குகிற பனையில் காய்ந்த ஓலையைக் கழித்துவிடுவார்கள். ஏறாத பனையில்தான் அது பாவாடை மாதிரி தொங்கும். என்னை அறியாமல் நான் இன்றைய நிலத்தைச் செய்துவிட்டேன். அவள் தேடியது அவள் காலத்து நிலத்தை.

செடிகொடி செய்கிறவர்கள் பசை வாங்குவதற்கு முன்னால் இதை முடிவு பண்ணணும்: எந்த இடம், எந்த மாசம், எந்த வருஷம். நான் காவோலையை அப்படியே விட்டுவிட்டேன். மேட்டுப் பக்கம் இரண்டு சீமைக்கருவேலமும் சேர்த்தேன், இன்றைய நிலத்தில் அது இல்லாமல் முடியாது. அடுத்த பலகை ஆச்சிக்கு. அதில் பனைகளைக் கழித்து வைக்கணும், அடிமரத்தில் ஒரு ஆள் ஏறிக்கொண்டிருக்கணும். உயரம் 1.9 செ.மீ.