ஜோடி இல்லாத பூஜ்யம்

ஒன்றால் பெருக்கினால் எண் மாறாது. பூஜ்யத்தால் பெருக்கினால் எதுவும் மிஞ்சாது. பூஜ்யத்தால் வகுக்கப் போனால்தான் வம்பு.

எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் விடை ஒன்று என்றார் ஆசிரியர். மூன்று பழங்களை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. அப்படியானால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று கேட்டான் மாணவன். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜனைப் பற்றிச் சொல்லப்படும் சம்பவம் இது.

அந்தச் சந்தேகத்துக்கு அப்போதே ஆயிரம் வயது தாண்டியிருந்தது. கி.பி. 628இல் பூஜ்யத்துக்கு விதிகள் வகுத்தார் பிரம்மகுப்தர். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் கச்சிதம். ஆனால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று சொல்லிச் சறுக்கினார். 9ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்தை ஆண்ட ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தவர் மகாவீரர். அவரது 'கணித சார சங்கிரகம்' 1912இல் சென்னையில் எம். ரங்காச்சார்யாவின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. பூஜ்யத்தால் வகுத்தால் எண் அப்படியே இருக்கும் என்கிறது அது. ஒன்று செய்யும் வேலையைப் பூஜ்யத்தின் தலையில் கட்டிவிட்டார் மகாவீரர்! 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் விடை அனந்தம் என்றார்.

சிக்கல் எங்கே? வகுத்தல் என்பது தலைகீழியால் பெருக்குவதுதான். நான்கால் வகுப்பதும் காலால் பெருக்குவதும் ஒன்றே. ஓர் எண்ணை அதன் தலைகீழியால் பெருக்கினால் ஒன்று வர வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூட எண்சுவடியில் இந்த ஜோடிகளுக்குப் பெயரே உண்டு: 16க்கு மாகாணி, 20க்கு மா, 80க்குக் காணி, 320க்கு முந்திரி. 320 முந்திரி சேர்ந்தால் முழுசாக ஒன்று.

பூஜ்யத்துக்கு மட்டும் ஜோடி கிடையாது. அதை எந்த எண்ணால் பெருக்கினாலும் பூஜ்யமே வரும். ஒன்று வரவே வராது. எனவே ஐந்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் விடையாக எந்த எண்ணும் பொருந்தாது. பூஜ்யத்தையே பூஜ்யத்தால் வகுத்தால் தலைகீழ்ச் சங்கடம்: எல்லா எண்ணும் பொருந்தும். ஏழு என்றாலும் சரி, எழுபது என்றாலும் சரி. ஒரே விடை தராத கணக்கு கணக்கே அல்ல என்று, எண்கணிதத்தில் இந்த வகுத்தலுக்கே தடை விதித்துவிட்டார்கள்.

தடையை மீறினால்? 1997 செப்டம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுன் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் செயலிழந்து நின்றது. கப்பல் சிப்பந்தி ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு பூஜ்யத்தைப் பதிவு செய்ய, புரோகிராம் அதால் வகுக்க முயன்றதுதான் காரணம். வகுக்கும் முன் வகுக்கும் எண் பூஜ்யமா என்று சோதிப்பது இன்று புரோகிராமர்களின் பாலபாடம்.