காவலுக்கு ஆன கணக்கு: பழவேற்காடு, 1613 முதல் இன்று வரை

ஒரு கிடங்குக்கு மதில் வேண்டுமா என்று முடிவு செய்ய மூன்று தொகை தெரிய வேண்டும்: உள்ளே இருப்பதன் மதிப்பு, அது போனால் ஆகும் நஷ்டம், காக்க ஆகும் செலவு. பழவேற்காட்டுக் கரையில் இந்தக் கணக்கு நானூறு ஆண்டுகளாகப் போடப்படுகிறது.

நஷ்டம்

1602இல் சுமார் 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) முதலுடன் தொடங்கியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1610இல் விஜயநகர அரசின் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தது. இங்கே வாங்கிய துணியைக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்துத்தான் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க முடிந்தது. துணி நின்றால் மசாலா வியாபாரமும் படுத்துவிடும். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அந்தப் பண்டகசாலையைத் தாக்கினார்கள். மதில் எதற்கு என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது.

ஆள் செலவு

மதில் ஒருமுறைச் செலவு. காவலாள் மாதாமாதச் செலவு. கெல்டிரியாவில் வழக்கமாக 80 முதல் 90 வீரர்கள் இருந்தார்கள். கம்பெனியின் சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் சுமார் 9 கில்டர். 85 பேர் என்று வைத்தால் மாதம் 765, வருஷம் 9,180. கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாகப் பழவேற்காடு இருந்த 1616–1690 காலத்தின் 74 ஆண்டுக்கும் பெருக்கினால் 6,79,320 கில்டர். கம்பெனியின் தொடக்க முதலில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சாப்பாடும் மருந்தும் கப்பல் செலவும் இதில் சேரவில்லை.

இந்தக் காவலுக்கு வரவும் உண்டு. பழவேற்காட்டில் கம்பெனி வெடிமருந்து ஆலை நடத்தியது. 100 கிலோ வெடிமருந்துக்குப் பொதுவாக 75 கிலோ வெடியுப்பு, 15 கிலோ கரி, 10 கிலோ கந்தகம். இங்கே அரைத்த மருந்து கிழக்கிந்தியத் தீவுகளின் டச்சுத் தளங்களுக்குப் பல பத்தாண்டுகள் போயிற்று. கோட்டை இல்லாமல் அப்படியோர் ஆலையை இந்தக் கரையில் நடத்தியிருக்க முடியாது.

மிஞ்சிய செலவு

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. அங்கே கட்டிய புதுக் கோட்டைக்குச் சுமார் 16 லட்சம் கில்டர், அதாவது தொடக்க முதலில் கால் பங்கு. பழவேற்காட்டுக் காவலர்களுக்கு 174 வருஷம் சம்பளம் கொடுக்கப் போதுமான பணம். 1781 இறுதியில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது அந்தக் கோட்டை ஏறத்தாழ மூன்று வாரமே தாங்கியது. பெரிய மதில் கட்டினால் பெரிய காவல் கிடைத்துவிடாது.

பழவேற்காடும் 1825இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் அகழியின் தடம் தெரிகிறது. நடுவே முட்புதர் மண்டிய மேடு.

எழுதாத பத்தி

அதே காவல் கணக்கு இன்று ஓர் ஏவுதளத்துக்குப் போடப்படுகிறது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட் ஏவுகிறார்கள். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல். மதில் செலவில் பாதியைத் தண்ணீரே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏவும் நாளில் கடலையும் காலி செய்ய வேண்டும். கழன்று விழும் பாகங்கள் படகின் மேல் விழக்கூடாது. அதனால் பழவேற்காட்டுக் குப்பங்களுக்குத் தகவல் வரும்: கடலுக்குப் போகாதீர்கள். ஃபைபர் படகுகள் அன்று முழுக்க மணலில் கிடக்கும்.

2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 100ஆவது ராக்கெட் ஏவப்பட்டது. இனி வரும் 100 ஏவுதலுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஏவுதலுக்கு ஒரே நாள், படகுக்கு 4 பேர் என்றால், ஒரு படகுக்கு 400 ஆள் நாள் கூலி போகும். ஏவுதல் தள்ளிப்போனால் இன்னொரு நாளும் சேரும்.

தடை தேவையானதுதான், உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் காவலுக்கு ஆகும் செலவை, காவல் யாருக்காகவோ அவர்தான் ஏற்க வேண்டும். சிப்பாயின் 9 கில்டரைக் கம்பெனி தன் கணக்கில்தான் எழுதியது. ஏவுதளத்தின் பாதுகாப்புச் செலவில், வேலி, கேமரா, காவலர் சம்பளத்துக்கு அடுத்த வரியாகக் குப்பத்துப் படகின் ஒரு நாள் வருமானத்தையும் எழுத வேண்டும். அதைச் சேர்க்காத திட்டம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கணக்கு முடிந்ததாகாது.