தூள் நிரப்பினால் கூடும் கொள்ளளவு

“சிலிண்டருக்குள் தூளைக் கொட்டினால் வாயுவுக்கு இடம் குறையத்தானே வேண்டும்? அதிகம் பிடிக்கும் என்கிறார்களே, எப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஹைட்ரஜன் ஆய்வில் என்னை அதிகம் ஈர்த்த புதிரும் இதுதான்.

ஹைட்ரஜன் எரிந்தால் நீராகும் என்பது பள்ளிப் பாடம். அதை அடைத்து வைப்பதுதான் பெரும்பாடு. கார்களில் 700 பார் அழுத்தத்தில் திணிக்கிறார்கள். திரவமாக்க மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். இரண்டுமே ஆற்றலை விழுங்கும் வேலை.

மூன்றாவது வழி, நுண்துளைப் பொருள்கள். வாசகர் கேட்ட தூள் இதுதான். 1999இல் ஒமர் யாகியின் குழு அறிமுகப்படுத்திய மாஃப்-5 ஓர் உலோகக் கரிமக் கட்டமைப்பு. துத்தநாக ஆக்சைடு கொத்துகளைக் கரிம மூலக்கூறுகள் சாரம் கட்டியதுபோல் இணைக்கின்றன, நடுவிலெல்லாம் வெற்றிடம். அந்த இணைப்புக்கு உதவும் டெரெப்தாலிக் அமிலம், பாலியெஸ்டர் துணிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் மூலப்பொருள். இத்துறைக்காக யாகி, சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன் மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது புதிருக்கு வருவோம். எங்கள் ஊர்க் குளக்கரை ஆலமரத்தில் அந்தி சாய்ந்ததும் மைனாக்கள் கிளைகொள்ளாமல் வந்து அடையும். மரம் இல்லாத வெட்டவெளியில் அத்தனை பறவைகள் நெருங்கி நிற்பதில்லை. மரம் இடத்தை அடைத்தாலும் உட்காரக் கிளை தருகிறது. வெற்றுக் கலனில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் விலகி விலகிப் பறக்கின்றன. துளைச் சுவர் கிடைத்தால் அதில் ஒட்டி நெருங்குகின்றன. இதுவே பரப்புக்கவர்ச்சி. பொழுது விடிந்தால் மைனாக்கள் கிளம்புவதுபோல, சூடேறினால் வாயு வெளியேறும்.

ஆனால் அந்தப் பிடிப்பு மிக மெல்லியது. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் தங்குவதே இல்லை எனலாம். 2020இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் அறிவித்த என்யு-1501 என்ற உலோகக் கரிமக் கட்டமைப்பின் ஒரு வகைக்குக் கிராமுக்கு 7,310 சதுர மீட்டர் பரப்பு. அது எடையில் 14 விழுக்காடு ஹைட்ரஜனைக் கொடுத்தது. அதை நிரப்பியது மைனஸ் 196 டிகிரியில், 100 பார் அழுத்தத்தில்.

பரப்பளவைக் கொண்டாடும் செய்திகள் இந்தக் குளிரைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஈரம் பட்டாலே மாஃப்-5 சிதையும் என்பதும் தலைப்புக்கு வருவதில்லை. பிடிப்பைச் சற்றே வலுவாக்குவது, ஈரத்தைத் தாங்க வைப்பது, மலிவாகச் செய்வது ஆகியவைதான் இனி நடக்க வேண்டிய வேலைகள். அவற்றில் உழைப்பவர்களுக்கு வியப்பை விடப் பொறுமையான ஆதரவே தேவை. சேமிப்புக் கணக்கு எதையாவது பார்த்தால் எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் என்று கேளுங்கள். அந்த இரண்டும் இல்லாத எண் பாதி உண்மைதான்.